காய்ச்சல் போன பிறகு மூன்று மாதம்: ஒரு விந்தணு லேப்பில் பார்த்தவை

மதுரையில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். விந்துப் பரிசோதனைதான் என் அன்றாட வேலை. 2021 நடுவில் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து, ஊரடங்கு தளர்ந்து, சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போயிருந்த தம்பதிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கிய நாட்களில், மைக்ராஸ்கோப்பில் தெரிந்த காட்சி பழக்கமானதாக இல்லை. முந்தின வருஷம் நன்றாக நீந்திய அணுக்கள், அதே ஆளின் சாம்பிளில், நின்ற இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. சிலருக்கு எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருந்தது. பழைய ரிப்போர்ட்டைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கதவோரம் தயங்கி நின்றவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, கொரோனா வந்ததுனாலதான் இப்படியா? இனிமே சரியாகாதா?"

டாக்டர் சொல்ல வேண்டியதை டெக்னீஷியன் சொல்லக் கூடாது என்பது எங்கள் இடத்து ஒழுங்கு. "டாக்டரம்மாகிட்ட கேளுங்க தம்பி" என்று அனுப்பிவிடுவேன். ஆனால் அப்படிப்பட்ட ஒற்றை ரிப்போர்ட்டை நம்பி நகை அடகுக் கடைக்குப் போன வீடுகளும், கணவன் மனைவி பேச்சு நின்றுபோன வீடுகளும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடுமையான காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆவதற்குள் எடுத்த விந்துப் பரிசோதனையை மட்டும் வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அது கொரோனாவாக இருந்தாலும் சரி, வேறு எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் சரி.

ஏன் மூன்று மாதம்? ஒரு விந்தணு, விதைக்குள் உருவாகத் தொடங்குவதிலிருந்து வடிவம் பெற்று முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதற்குப் பிறகு விதையின் பின்புறம் சுருண்டு கிடக்கும் குழாயில் ஒன்றிரண்டு வாரம் தங்கித்தான் நீந்தக் கற்றுக்கொள்கிறது. ஆக, இன்று ஒருவர் கொடுக்கும் சாம்பிள் அவர் உடம்பில் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய வேலையின் விளைவு. நடுவில் 102, 103 டிகிரி காய்ச்சல் நாலைந்து நாள் அடித்திருந்தால், அப்போது பாதி வழியில் இருந்த அணுக்கள் அத்தனையும் அந்தச் சூட்டில் மாட்டியவை. விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே அந்த வேலைக்கு உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைந்த சூடு தேவைப்படுவதால்தான். காய்ச்சலில் அந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. இது கொரோனா கண்டுபிடித்துக் கொடுத்த புது விஷயமும் இல்லை. நல்ல ஆரோக்கியமான ஆண்களை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, காய்ச்சல் வந்தபின் எண்ணிக்கை குறைவதைக் காட்டிய டென்மார்க் ஆய்வு 2003லேயே வந்துவிட்டது.

கொரோனாவில் காய்ச்சலுக்கு மேல் இன்னும் சில சங்கதிகள் உண்டு. அந்த வைரஸ் உடம்புச் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது ஏசிஇ2 என்ற புரதத்தை. நுரையீரலில் இருக்கும் அந்தப் புரதம் விதையிலும் இருக்கிறது: விந்தணுவை ஊட்டி வளர்க்கும் செர்ட்டோலி செல்களிலும், டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லைடிக் செல்களிலும். 2020இல் வூஹானில் கொரோனாவில் இறந்த 12 ஆண்களின் விதைகளைப் பரிசோதித்தபோது, அணு உருவாகும் நுண்குழாய்களில் சேதமும் அழற்சியும் தெரிந்தன. லைடிக் செல்களும் குறைந்திருந்தன. அவர்கள் நோய் முற்றி இறந்தவர்கள். வீட்டிலேயே இருந்து குணமானவருக்கும் அதே அளவு சேதம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் விதை இந்த நோய்க்குத் தப்பிய உறுப்பு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நம் ஊரில் பெரியவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. வயசுக்கு வந்த பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால், "கீழே வீக்கம் இருக்கா பாரு" என்று பாட்டிமார் கேட்பார்கள். அந்த வைரஸ் விதையைத் தாக்கும் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. கொரோனா சமயத்தில் அப்படிக் கேட்க யாருக்கும் நேரமில்லை. ஆக்ஸிஜன் அளவைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நியாயமும்கூட.

எனக்கும் அந்த மே மாதம் வந்தது. வீட்டிலேயே இருந்து குணமானேன். காய்ச்சல் மட்டும் விடாமல் அடித்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவியிடம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று போனில்கூட விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். லேப்பில் வேலை பார்ப்பவர்கள் பயிற்சிக்காகத் தங்கள் சாம்பிளையே கொடுப்பது சகஜம். அப்படி 2020 தொடக்கத்தில் எடுத்த என் ரிப்போர்ட் இருந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 52 மில்லியன், அதாவது 5 கோடியே 20 லட்சம். ஜூலையில் மறுபடி கொடுத்தேன்.

என் சாம்பிளை நானே எண்ணவில்லை. கூட வேலை பார்க்கும் அக்கா பெயர் போடாமல் நம்பர் மட்டும் எழுதி எண்ணினார். அவர் முடித்த பிறகு நான் போய்க் குனிந்து பார்த்தேன். கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியில் பல கட்டங்கள் காலியாகக் கிடந்தன. வால் சுருண்டவை, தலை பெருத்தவை, கழுத்து மடங்கியவை கண்ணில் அதிகம் பட்டன. இடையிடையே வட்ட வட்டமாகச் செல்கள். இன்னொரு ஸ்லைடில் இயோசின் சாயம் போட்டிருந்தார். உயிருள்ள அணுவுக்குள் அந்தச் சாயம் ஏறாது, வெள்ளையாகவே இருக்கும். செத்தது இளஞ்சிவப்பாகிவிடும். சிவப்பு நிறையத் தெரிந்தது. எண்ணிக்கை 11 மில்லியன். முன்னோக்கி நீந்துபவை நூற்றுக்கு 18. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "காய்ச்சல் என்னைக்குத் தம்பி விட்டது?" என்று மட்டும் கேட்டு, அந்தத் தேதியை ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதினார்.

அந்தக் கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. ஆனால் அந்த வருஷம் வெளி லேப்புகளிலிருந்து வந்த ரிப்போர்ட்டுகளில் காய்ச்சல் தேதி எழுதியிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

எங்கள் டாக்டரம்மா அக்டோபருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அதுவரை மருந்து எதுவும் தரவில்லை. அந்த இடைக்காலம் எளிதாக இல்லை. காரணம் தெரிந்தவனுக்கும் இரவில் தூக்கம் வரவில்லை. மனைவியிடம் உடனே சொல்லிவிட்டேன். அவள் கேட்டது, "உங்க வேலையே இதுதானே, அந்த டாக்டர் சொன்னதை நீங்க நம்புறீங்களா?" என்பதுதான். நம்புகிறேன் என்றேன். சரி, அப்ப காத்திருப்போம் என்றாள். நவம்பர் தொடக்கத்தில் எடுத்ததில் 34 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை நூற்றுக்கு 40. பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் கவலைப்படத் தேவையில்லாத இடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த வருஷம் மனைவி உண்டானாள்.

என் ஒருவன் கதையை வைத்து எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. பெல்ஜியத்தில் கொரோனாவிலிருந்து குணமான 120 ஆண்களைப் பார்த்தார்கள். முடிவுகள் 2022இல் அச்சாயின. குணமாகி ஒரு மாதத்துக்குள் சாம்பிள் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு அணுக்களின் ஓட்டம் குறைந்திருந்தது, 37 பேருக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது. இரண்டு மாதம் தாண்டிக் கொடுத்தவர்களிடம் அது முறையே 28 ஆகவும் 6 ஆகவும் இறங்கியிருந்தது. எண்ணிக்கை முதலில் மீள்கிறது, ஓட்டம் மெதுவாக மீள்கிறது என்று அதைப் படிக்கலாம். எங்கள் லேப்பில் பார்த்ததும் அதுவே. பாட்னா எய்ம்ஸில் 30 ஆண்களிடம், நோய் இருக்கும்போது ஒரு தடவையும் 74 நாள் கழித்து ஒரு தடவையும் எடுத்தார்கள். இரண்டாவது முறை முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு எட்டவில்லை. ஸ்பெயினில் லேசான கொரோனா வந்த 45 ஆண்களைப் பற்றி 2023இல் ஒரு ஐரோப்பிய மாநாட்டில் சொன்னார்கள். 100 நாள் தாண்டியும் பலருக்கு முழுதாகத் திரும்பவில்லை என்பது அவர்கள் கண்டது. அதனால் மூன்று மாதம் என்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படும் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். கொரோனா வந்து ஒரு மாதம் கழித்து வேறு ஓர் இடத்தில் பரிசோதனை செய்திருந்தார். 3 மில்லியன் என்று வந்திருக்கிறது. இயற்கையாக வாய்ப்பே இல்லை, உடனே இக்ஸி செய்ய வேண்டும், முன்பணம் கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே அணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை அது. செலவு லட்சங்களில் போகும். அவர் மனைவி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. "நகையை வச்சாச்சுண்ணே, பணம் இன்னும் கட்டல, அதுக்குள்ள இன்னொரு எடத்துல பாத்துக்குவோம்னு வந்தோம்" என்றார். காய்ச்சல் எப்போது வந்தது என்று அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லையாம். எங்கள் டாக்டரம்மா மூன்று மாதம் கணக்குப் போட்டு வரச் சொன்னார். அப்போது எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருந்தது. நகையை மீட்டுவிட்டேன் என்று சொல்வதற்காகவே இன்னொரு நாள் வந்துவிட்டுப் போனார்.

இப்படி மீளாதவர்களையும் சொல்லியாக வேண்டும். ஒரு தம்பிக்கு இரண்டாம், மூன்றாம் பரிசோதனையிலும் எண்ணிக்கை ஏறவே இல்லை. டாக்டர் கையால் பரிசோதித்தபோது இடப்பக்கம் வெரிகோசீல் இருந்தது. விதைப்பையில் ரத்தக் குழாய்கள் புடைத்துச் சூடு கூடுவது அது. பல வருஷமாக இருந்திருக்கும். கொரோனா வராமல் இருந்திருந்தால் பரிசோதனைக்கே வந்திருக்க மாட்டார். குறை எல்லாவற்றையும் கொரோனா மேல் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பதும் ஆபத்து என்பதை அவரிடம் பார்த்தேன். மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால், யூராலஜி டாக்டரையோ, ஆண்களின் குழந்தைப்பேற்றுக் குறைகளைப் பார்க்கும் ஆண்ட்ராலஜி டாக்டரையோ நேரில் பார்த்து, உடம்பைப் பரிசோதித்து, ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு தம்பதியில் மனைவிக்கு வயது 38. அங்கே மூன்று மாதம் என்பது வேறு கணக்கு. முப்பத்தைந்து தாண்டினால் முட்டையின் தரமும் எண்ணிக்கையும் வேகமாக இறங்கும். அதனால் கணவன் காத்திருக்கும் நேரத்தில் மனைவிக்கான பரிசோதனைகளைச் செய்து முடித்தார்கள். சும்மா உட்காரவில்லை. கணவனுக்குக் காய்ச்சல் என்று மனைவியின் சிகிச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிப்போடக் கூடாது. டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. குழந்தை இல்லை என்று வருபவர்களில் ஏறத்தாழப் பாதித் தம்பதிகளில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. ஆனாலும் பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்து, சில சமயம் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வரைக்கும் போன பிறகுதான் கணவர் எங்கள் லேப் வாசலுக்கு வருகிறார். ஊசி இல்லை, வலி இல்லை, சில நூறு ரூபாயிலிருந்து முடிகிற பரிசோதனை. அதை முதலில் செய்தால் அந்தப் பெண் எவ்வளவு வேதனையிலிருந்து தப்பியிருப்பாள் என்று நினைக்காத வாரமில்லை.

சாம்பிள் கொடுப்பது பற்றிச் சில விவரங்கள். கொரோனா சமயத்தில் பலரின் ரிப்போர்ட்டைக் கெடுத்தது நோய் மட்டுமில்லை. தனிமைப்படுத்தல் என்று கணவன் மனைவி வாரக்கணக்கில் தனித்தனி அறையில் இருந்தார்கள். அப்படி நீண்ட இடைவெளிக்குப் பிறகு கொடுத்தால் அளவும் எண்ணிக்கையும் கூடித் தெரியும், ஆனால் பழைய அணுக்கள் சேர்ந்து ஓட்டம் குறைந்துவிடும். குறைந்தது 2 நாள், கூடினால் 7 நாள் இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாம் பரிசோதனைக்கும் அதே அளவு இடைவெளி விட்டால்தான் ஒப்பிட முடியும். லேப் தரும் டப்பாவில் மட்டும் எடுங்கள். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் படக் கூடாது. சாதாரண ஆணுறையில் எடுத்து வந்தால் அணுக்கள் செத்துவிடும். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அப்படிக் கொண்டுவந்தால் ஓட்டத்தைப் பார்க்கவே முடியாது.

எங்கள் மையத்தில் சாம்பிள் அறை வரவேற்புக்கு நேர் எதிரே இருந்தது. கதவைத் திறந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பவர் என்ன செய்வார்? சொல்லிச் சொல்லிக் கடைசியில் அறையைப் பின்பக்கம் மாற்றினார்கள். முடியாமல் திரும்பிப் போகிறவர்கள் அதன் பிறகு குறைந்தார்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் பலரும் பார்ப்பது எண்ணிக்கை ஒன்றைத்தான். "கவுண்ட் கம்மி" என்ற ஒற்றை வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட விந்துப் பரிசோதனைக் கையேட்டின் ஆறாம் பதிப்பின்படி கீழ் எல்லைகள் இவை: ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன், மொத்தச் சாம்பிளில் 39 மில்லியன், அளவு 1.4 மில்லிலிட்டர், முன்னோக்கி நீந்துபவை நூற்றுக்கு 30, சரியான வடிவமுள்ளவை நூற்றுக்கு 4. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்து, "நூத்துக்கு நாலுதான் நல்லதா?" என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான் தேவை. இந்த எல்லைகள் எப்படி வந்தன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் சாம்பிள்களை வரிசையில் வைத்து, கடைசி 5 சதவீதத்தின் மேல் கோடு கிழித்தார்கள். அதாவது அப்பா ஆனவர்களிலேயே நூற்றில் 5 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். கோட்டுக்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை.

வட்டச் செல்கள் என்று சொன்னேனே, அதில் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சலுக்குப் பிறகு முதிராத அணுச் செல்கள் உதிர்ந்து விந்தில் வரும். மைக்ராஸ்கோப்பில் சட்டென்று பார்த்தால் அவை சீழ்ச் செல் போலவே இருக்கும். "பஸ் செல்ஸ் அதிகம்", அதாவது சீழ்ச் செல் அதிகம் என்று எழுதிவிட்டால் அடுத்து வருவது ஆன்டிபயாடிக் சீட்டுதான். பெராக்ஸிடேஸ் சாயம் போட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி எழுதியிருந்து, எரிச்சலோ வலியோ உங்களுக்கு இல்லையென்றால், அந்தச் சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். விந்தணுவின் டிஎன்ஏ சேதத்தைப் பார்க்கும் விலை உயர்ந்த பரிசோதனையை முதல் நாளே எழுதிக் கொடுத்தாலும் ஏன் என்று கேளுங்கள். திரும்பத் திரும்பக் கரு கலைபவர்களுக்கு அது உதவலாம். முதல் கட்டத்தில் எல்லோருக்கும் தேவையில்லை என்பதே அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல்.

தடுப்பூசி பற்றிய பயம் தனி. 2021இல் எங்கள் தெருவில் இளைஞர்கள் பலர் ஊசி போட மறுத்ததற்குச் சொன்ன காரணம், "ஆண்மை போயிரும்" என்பது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று மத்தியச் சுகாதார அமைச்சகமே அறிவிக்க வேண்டி வந்தது. மயாமி பல்கலைக்கழகத்தில் 45 ஆண்களுக்கு ஊசி போடும் முன்பும், இரண்டு டோஸுக்குப் பிறகும் விந்தைப் பரிசோதித்தார்கள். எதுவும் குறையவில்லை. இஸ்ரேலில் விந்து தானம் செய்பவர்களிடம் ஊசிக்குப் பின் தற்காலிகமாகச் சிறு குறைவு தெரிந்து, பிறகு சரியாகிவிட்டது. பாஸ்டன் பல்கலைக்கழகம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளைப் பின்தொடர்ந்தது. ஊசியால் கருத்தரிப்பு வாய்ப்பு குறையவில்லை. ஆனால் ஆணுக்கு அண்மையில், 60 நாளுக்குள் கொரோனா வந்திருந்தால் அந்த மாதங்களில் வாய்ப்பு 18 சதவீதம் குறைந்திருந்தது. ஊசிக்குப் பயந்து நோயை வாங்கிக்கொண்டவர்கள்தான் உண்மையில் விந்தணுவை இழந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த வதந்தியைப் பரப்பியவர்கள் யாரும் எங்கள் லேப் வாசலில் வந்து நிற்கவில்லை.

விந்தில் வைரஸ் இருக்குமா என்பதும் நிறையப் பேர் கேட்டது. 2020இல் சீனாவின் ஹெனான் மாகாணத்து மருத்துவமனை ஒன்றில் 38 பேரைப் பார்த்து 6 பேர் விந்தில் வைரஸின் தடயம் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு வந்த பெரும்பாலான ஆய்வுகளில் அது கிடைக்கவில்லை. பெல்ஜியத்து 120 பேரிலும் இல்லை.

இதைவிட அதிகம் பேசப்படாமல் போனது விறைப்புக் குறைவும் ஆர்வக் குறைவும். நோயின்போது டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மீள மாதக்கணக்கில் ஆகலாம். இத்தாலியின் மிலானில் கொரோனா வந்த ஆண்களை ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பாதிப் பேருக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் இன்னும் குறைவாகவே இருந்தது. இந்த வைரஸ் ரத்தக் குழாயின் உட்சுவரைப் பாதிப்பதாலும் விறைப்பு குறையலாம். வேலை போன கவலை, வீட்டில் சாவு, மூச்சு வாங்குவது எல்லாம் அதோடு சேரும். விதையில் வலியோ வீக்கமோ இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். விறைப்பில் மாற்றம் சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலும் போய்ச் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு அது சர்க்கரை, இதய நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

அப்புறம், பணம் போகும் வழிகள். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் என்று டிவியில் விளம்பரம் செய்து உட்கார்ந்திருப்பவர்களிடம் கொரோனாவுக்குப் பின் போனவர்கள் ஏராளம். பெயர் எழுதாத பொடியும் லேகியமும் பல்லாயிரம் ரூபாய். மூன்று மாதம் சாப்பிடச் சொல்வார்கள். அந்த மூன்று மாதத்தில் எண்ணிக்கை தானாகவே ஏறியிருக்கும், பெயர் லேகியத்துக்குப் போகும். மெடிக்கல் ஷாப் மாத்திரைகளும் இதற்கு விலக்கில்லை. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆண்களுக்குக் கொடுத்து அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் செய்த பெரிய சோதனையில், விந்தும் மேம்படவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. முடிவு 2020இல் வந்தது. எல்லாவற்றையும்விட மோசம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. களைப்பாக இருக்கிறது, ஹார்மோன் குறைவு என்று ஜிம்மிலோ தெரிந்தவர் சொல்லியோ போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து அது வந்ததும் மூளை விதைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அடங்கி, சாம்பிளில் ஒன்றுகூட இல்லாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை வேண்டும் என்று இருப்பவர் அந்த ஊசியைத் தொடக் கூடாது.

காத்திருக்கும் மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. புகையை விடுங்கள், குடியை நிறுத்துங்கள், மடியில் லேப்டாப் வைக்காதீர்கள், இறுக்கமான உள்ளாடையும் கொதிக்கும் வெந்நீரும் வேண்டாம், தூங்குங்கள். லாரி எஞ்சின் மேலும் அடுப்படியிலும் உலைக்கூடத்திலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று தெரியும். நடுநடுவே எழுந்து நடந்து, காற்றோட்டமான பருத்தி உடுத்தினாலே கொஞ்சம் உதவும்.

எங்கள் படிவத்தில் இப்போது புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா? எந்தத் தேதி? எத்தனை நாள்?" மழைக்காலத்தில் டெங்குவுக்குப் பிறகு வருபவர்கள்தான் இன்று அதை அதிகம் நிரப்புகிறார்கள். நீங்கள் போகும் லேப்பின் படிவத்தில் அந்த வரி இல்லையென்றால், சாம்பிள் டப்பாவைக் கொடுக்கும்போதே தேதியைச் சொல்லி ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பரிசோதனைக்கும் முடிந்தவரை அதே லேப்புக்கே போங்கள். எண்ணும் கை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.